நாலடி வாவி

உலகத்தில் தண்ணீரைச் சுத்தப்படுத்தியவர்கள் பலருண்டு. மணலில் வடித்தவர்கள், கொதிக்க வைத்தவர்கள், குளோரீன் கரைத்தவர்கள் என்று வரலாறு நெடுக நிற்கிறார்கள். ஆனால் கூட்டம் வைத்தே தண்ணீரைச் சுத்தப்படுத்திய பெருமை இந்தப் பூமியில் ஒரேயொரு அலுவலகத்துக்குத்தான் உண்டு. அது மட்டக்களப்பு வாவிக் கரையில், மூன்று மாடி அரச அலுவலகத் தொகுதியொன்றின் கீழ்த்தளத்தில் இருக்கிறது. பெயர், வாவி நீர்த்தர ஒருங்கிணைப்பு அலுவலகம். இந்தப் பெருமைக்கு வேறு யாராவது உரிமை கோருவதாயின் எழுத்தில் கோரட்டும், மூன்று பிரதிகளில்.

வாவித் தண்ணீர் எப்படியிருக்கிறது என்று பார்ப்பதுதான் அந்த அலுவலகத்தின் கடமை. அதில் ஒருநாளும் அவர்கள் தவறியதில்லை. காலையில் வந்ததும் ஜன்னலைத் திறந்து பார்ப்பார்கள். பின்னேரம் போகும்போது, ஜன்னலைச் சாத்துமுன் இன்னொரு தரம் பார்ப்பார்கள். நடுவில் நாற்றம் வந்தால் சாத்திவிட்டுக் கண்ணாடியூடாகப் பார்ப்பார்கள். 'தொடர் கண்காணிப்பு' என்று ஆண்டறிக்கையில் இதற்குத் தனி அத்தியாயமே உண்டு.

இத்தனை பெரிய அலுவலகத்தில் சோதனைக் குழாயை எந்தப் பக்கத்தால் பிடிப்பது என்று தெரிந்த ஒரே ஆள் ஹலீம். காத்தான்குடிக்காரன், தொழில்நுட்ப உத்தியோகத்தர், நல்ல மனுசன், கொஞ்சம் பயந்தவன். வாவியைச் சோதிப்பதற்கென்று வெளிநாட்டுத் திட்டமொன்று அனுப்பிய நீலப் பெட்டி அவன் பொறுப்பில் இருந்தது. பெட்டிக்குள் சின்னச் சின்னப் போத்தல்களில் மருந்து. தண்ணீரில் சில சொட்டு விட்டால், அம்மோனியா இல்லாத தண்ணீர் மஞ்சளாக நிற்கும். இருந்தால் பச்சையாகும். எவ்வளவு கூடுதலோ அவ்வளவு கடும் பச்சை. விலை கூடிய மருந்து, வீணாகிவிடக்கூடாது என்பதற்காக அதை வாவியில் யாரும் இதுவரை பயன்படுத்தவில்லை.

ஹலீமுக்கு வீட்டில் ஒரு சங்கடம் இருந்தது. அவன் மனைவி பரீனாவின் மூத்த சகோதரன் பாறூக் வாவியில் வீச்சுவலை எறிந்து பிழைக்கிறவன். அலுவலகத் தொகுதிக்குப் பின்னால் வாவி வளைகிற இடம்தான் அவனுக்கு வாப்பா காலத்திலிருந்தே தொழில் இடம். கொஞ்சக் காலமாக அந்த வளைவில் மீன் வயிற்றைக் காட்டி மிதந்தது. தண்ணீருக்குள் இறங்கினால் காலெல்லாம் அரித்துக் கடித்தது. அலுவலகத் தொகுதியிலிருந்து வாவிக்குள் நீண்டிருக்கும் ஒரு தடித்த குழாயைத்தான் பாறூக் சந்தேகித்தான். முறைப்பாடு கொடுத்தான். 'நீர்ப் பரிசோதனை அறிக்கை இல்லாமல் குழாயை அடைக்க முடியாது' என்று பதில் வந்தது. அறிக்கை கொடுக்க வேண்டிய ஆள் யார் என்று விசாரித்தால், சொந்த மச்சான்.

பாறூக் கேட்டது பெரிய காரியமில்லை. ஒரு போத்தல் தண்ணீர், சில சொட்டு மருந்து, ஒரு கையொப்பம். அது கிடைத்தால் குழாய் அடைபடும், மீன் திரும்பி வரும், அவன் வீட்டு அடுப்பு எரியும். ஹலீமும் ஓம் சொல்லியிருந்தான். மேலிடத்து அனுமதி கிடைக்கட்டும் என்றுதான் பொறுத்திருந்தான். பரீனா கறியில் உப்பைக் குறைத்து வைக்கத் தொடங்கியிருந்தாள், அவ்வளவுதான்.

அந்த நேரத்தில்தான் வந்தது தொட்டி.

கொழும்பிலிருந்து மேலதிகப் பணிப்பாளர் அம்மையார் வாவியின் நிலையை நேரில் பார்க்க வருகிறார் என்று அறிவித்தல் கிடைத்தது. உதவிப் பணிப்பாளர் வினாயகமூர்த்தி சித்தாண்டிக்காரர். விருந்தோம்பலில் அவரை யாரும் குறைசொல்ல முடியாது. அவ்வளவு தூரம் வருகிற பெண்மணியை வெயிலுக்குள்ளும் நாற்றத்துக்குள்ளும் இழுத்துக்கொண்டுபோய் வாவியைக் காட்டுவது மரியாதையா என்று யோசித்தார். வாவிக்கு அவரைக் கொண்டுபோவதைவிட வாவியை அவரிடம் கொண்டுவருவதுதான் பண்பாடு என்று முடிவெடுத்தார். நிர்வாக வரலாற்றில் இது ஒரு திருப்புமுனை.

நாலடி நீளக் கண்ணாடித் தொட்டி, முன் மண்டபத்தில், நகரத்துத் தச்சர் லயனல் தேக்கில் செய்துகொடுத்த மேசையில் ஏறி உட்கார்ந்தது. குழாய்த் தண்ணீர் நிரப்பினார்கள். ரிப்பன் வெட்டினார்கள். உள்ளே மீன் இல்லை என்பதை யாரும் பெரிதுபடுத்தவில்லை. ஹலீம் நீலப் பெட்டியை முதன்முறையாகத் திறந்து, தொட்டித் தண்ணீரில் சொட்டு விட்டான். பளிச்சென்ற மஞ்சள். அம்மோனியா பூச்சியம்.

"பாத்தீங்களா, முதல் நாளே பூச்சியம்" என்றார் வினாயகமூர்த்தி. தொட்டியில் இன்னும் எந்த உயிரும் வாழவில்லை என்பதால்தான் அது பூச்சியம் என்று ஹலீம் சொல்ல வாயெடுத்தான். அதற்குள் கேக் வெட்டப்பட்டுவிட்டது.

மறுநாள் மீன் வாங்கப் போனார்கள். நகரத்தில் அலங்கார மீன் கடை வைத்திருப்பவர் பேர்னிஸ் அன்ரி. அவருக்கு மீன் விற்பது தொழில், விற்க மறுப்பது குணம். தொட்டி எப்போது வைத்தீர்கள் என்று கேட்டார். நேற்று என்றதும் கையிலிருந்த வலைக் கரண்டியைத் திரும்ப மாட்டிவிட்டார்.

"தண்ணி இன்னும் பழகல்ல தம்பி. இப்ப மீன் விட்டா, அதுட கழிவிலயே அது செத்துப் போகும்" என்றார்.

பிறகு பொறுமையாக விளக்கினார். மீனின் கழிவிலிருந்து அம்மோனியா வரும். அது மீனுக்கு நஞ்சு. அதைத் தின்னுகிற ஒரு கிருமி இருக்கிறது. தின்றுவிட்டு அது இன்னொரு நஞ்சை விடும். அதைத் தின்ன இன்னொரு கிருமி. கடைசியில் மிஞ்சுவது அவ்வளவு பொல்லாதது இல்லை, தண்ணீரை இடைக்கிடை மாற்றினால் போய்விடும். ஆனால் அந்தக் கிருமிகள் வடிகட்டியின் பஞ்சுக்குள் குடியேறிப் பெருக வாரக்கணக்காகும். அதுவரை மீன் இல்லாமலே அவற்றுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக அம்மோனியா ஊட்ட வேண்டும். பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவவே கூடாது, குளோரீனில் கிருமியெல்லாம் செத்துவிடும்.

இதைக் கேட்டு வினாயகமூர்த்தி ஆடிப்போனார். நீர்த்தரத்தைக் காக்கிற அலுவலகம் தன் கையாலேயே தண்ணீரில் நஞ்சு ஊற்றுவதா? அதுவும் கிருமி வளர்ப்பதற்கா? உடனே அவசரக் கூட்டம் கூட்டப்பட்டது. மூன்று தரம் தேநீர் சுற்றியது. கடைசியில், கிருமிகளை 'நன்மை பயக்கும் நுண்ணுயிர்ப் பயனாளிகள்' என்று அழைத்தால் ஆட்சேபம் இல்லை எனத் தீர்மானம் நிறைவேறியது. அலுவலகத்தில் வேலை கிடைத்தும் வேலை இல்லாமல் இருந்த அபிவிருத்தி உத்தியோகத்தர் தனுஷியா 'நுண்ணுயிர் நலன்புரி இணைப்பாளர்' ஆக நியமிக்கப்பட்டாள். அந்தப் பிள்ளை அதை உண்மையாகவே எடுத்துக்கொண்டது. தினமும் காலையில் வடிகட்டிக்குப் பக்கத்தில் போய் நின்று குட் மோர்னிங் சொன்னது.

அடுத்த பிரச்சினை, அம்மோனியா. பேர்னிஸ் அன்ரி சொன்ன வழி சுலபமானது. ஒரு இறாலைத் தொட்டிக்குள் போட்டு அழுகவிட்டால் போதும். ஆனால் அரசாங்கத்தில் இறால் சும்மா அழுகிவிட முடியுமா? பழுதான இறாலுக்கு மூன்று கடைகளில் விலைமனு கோர வேண்டும். ஹலீம் சந்தைக்குப் போய்ப் பழுதான இறால் என்ன விலை என்று கேட்டான். முதல் கடைக்காரர் முறைத்தார். இரண்டாமவர், தன் கடையில் பழுதான சாமான் இருந்ததை யார் சொன்னது என்று கேட்டுக் கத்தியைக் கீழே வைக்காமலே எழும்பினார். மூன்றாவது கடைக்கு ஹலீம் போகவில்லை.

சரி, நல்ல இறாலையே வாங்கி அழுகவிடுவோம் என்றார்கள். களஞ்சியப் பொறுப்பாளர் ஆச்சிப்பிள்ளை அம்மா அதற்கும் மறுத்துவிட்டார். நல்ல நிலையில் பொறுப்பேற்ற பொருளைத் தன் கண்முன்னே பழுதாக விட்டால் அது அரச சொத்தைச் சேதப்படுத்தல். பழுதான நிலையில் வந்தால் பொறுப்பேற்கவே முடியாது. இந்தச் சட்டச் சிக்கலுக்கு நடுவில் இறாலோ யாருக்கும் காத்திராமல் பழுதாகத் தொடங்கியது. அரச சொத்தைக் காப்பாற்ற வேறு வழியின்றி அன்றைய மத்தியானமே அதை உத்தியோகத்தர்கள் குழம்பு வைத்துச் சாப்பிட்டார்கள். கணக்காய்வில் இதற்கு ஒரு குறையும் வரவில்லை.

தனுஷியா கரடியனாற்றுப் பிள்ளை. அப்பாவின் வயல் வட்டையில் நெல்லுக்குப் போடுகிற யூரியாவில் கொஞ்சம் கரைக்கலாமே என்றாள். பசளை வேறு அமைச்சு, அதற்குள் நாம் மூக்கை நுழைக்க முடியாது என்று வினாயகமூர்த்தி மறுத்தார். தனுஷியாவும் பிறகு யோசித்துப் பார்த்து, இந்தப் போகத்துக்கு அப்பாவுக்கே கிடைக்கவில்லை என்றாள். பயனாளிகள் பட்டினி கிடந்தார்கள். நீலப் பெட்டியின் மருந்து மட்டும் நாள்தோறும் குறைந்தது. வெறும் தண்ணீரில் அம்மோனியா பூச்சியமா என்று நாளுக்கு இரண்டு முறை உறுதிசெய்ய வேண்டும் என்பது கூட்டத் தீர்மானம்.

இந்த நிலையில்தான் பாறூக் பொறுமை இழந்தான். ஒரு விடியற்காலை, வளைவில் அள்ளிய தண்ணீரை ஒரு சோடாப் போத்தலில் அடைத்துக்கொண்டு தங்கச்சி வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"மச்சான், நான் காசி பணம் கேக்கல்ல. இதச் சோதிச்சி ஒரு துண்டு எழுதித் தா. நேத்தும் ஒரு கூடை மீன் மௌத்தாகிக் கிடந்திச்சி" என்றான்.

பரீனா போத்தலை வாங்கி, ஹலீமின் சாப்பாட்டுப் பைக்குள் தானே வைத்தாள். ஹலீம் பையைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டான்.

அலுவலகத்தில் யாரும் வருமுன் அவன் மூடியைத் திறந்தான். திறந்த மாத்திரத்தில் தலை சுற்றியது. சொட்டு விட்டான். மஞ்சள் ஒரு கணம்கூட நிற்கவில்லை. பச்சை, கடும்பச்சை, பிறகு அளவுத் தாளிலேயே இல்லாத ஒரு கறுப்புப் பச்சை. பாறூக் சொன்னது அத்தனையும் உண்மை. இனி அறிக்கை எழுதுவதுதான் பாக்கி. எழுத உட்கார்ந்த நேரம் பின்னால் வினாயகமூர்த்தி மூக்கைச் சுருக்கிக்கொண்டு நின்றார்.

"என்ன ஹலீம் இது நாத்தம்?"

ஹலீம் விசயத்தைச் சொன்னான். இது நம் கட்டடத்துக்குப் பின்னால் வாவியில் எடுத்த தண்ணீர் என்றான். அம்மோனியா அளவு தாளையே தாண்டிவிட்டது என்றான். மீன் சாகிறது என்றான். வினாயகமூர்த்தி சோதனைக் குழாயை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். அவர் முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது. நீண்ட காலம் பிள்ளையில்லாதிருந்த மனுசன் தொட்டிலைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்தார்.

"இவ்வளவு அம்மோனியாவா?" என்றார். "விலைமனு இல்லாம?"

அன்றே அந்தப் போத்தல் தொட்டிக்குள் அளவாக ஊற்றப்பட்டது. நுண்ணுயிர் நலன்புரி இணைப்பாளர் கைதட்டினாள். வாவியின் வளைவு 'நம்பகமான உள்ளூர் அம்மோனியா மூலம்' எனப் பிரகடனம் செய்யப்பட்டது. அறிக்கை எழுதலாமா என்று ஹலீம் கேட்டதற்கு வினாயகமூர்த்தி அவன் தோளில் அன்பாகக் கைவைத்தார்.

"எழுத்தில போடாதீங்க. மூலம் எங்க எண்டு தெரிஞ்சா மத்த அலுவலகக்காரரும் வந்து அள்ளிருவாங்க. பிறகு நமக்குத் தட்டுப்பாடு" என்றார்.

தூரத்துக் கதிரவெளியில் ஓர் உப அலுவலகம் திறக்கவிருப்பதாகவும், அங்கே இன்னும் கட்டடமும் கதிரையும் இல்லையென்றாலும் துணிவான ஓர் உத்தியோகத்தர் தேவைப்படுவதாகவும் அதே மூச்சில் சொன்னார். ஹலீமுக்கு அவ்வளவு துணிவு இல்லை.

அன்றிலிருந்து ஹலீம் தினமும் வெறும் போத்தலோடு வளைவுக்குப் போனான். பாறூக்குச் சந்தோசம் தாங்கவில்லை. இத்தனை காலம் ஜன்னலால் பார்த்தவர்கள் இப்போது தினமும் வந்து தண்ணீர் எடுக்கிறார்களே. மச்சான் சேற்றில் இறங்கி வழுக்கி விழுந்துவிடக்கூடாது என்று தானே இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, குழாய் வாய்க்குக் கிட்டப்போய், நல்ல தடிப்பான இடமாகப் பார்த்து அள்ளிக்கொடுத்தான். கால் புண்ணானதைச் சாரத்தால் மறைத்துக்கொண்டு, சோதனை எப்படிப் போகுது மச்சான் என்று கேட்பான். ஹலீம் தொட்டியை நினைத்துக்கொண்டு நல்லா வருது என்பான். அது பொய்யில்லை. அதனால்தான் அவனால் அதைத் தினமும் சொல்ல முடிந்தது. வீட்டில் கறிக்கு உப்பு திரும்பியது. ஹலீம் கறியை ஒதுக்கிவிட்டுச் சோற்றை மட்டும் தின்றான்.

தொடர்ந்து அள்ளியதில் ஒரு விஞ்ஞான உண்மை வெளியானது. சனி ஞாயிறிலும் போயா விடுமுறை நாளிலும் அம்மோனியா மெலிந்து போனது. அலுவலகத் தொகுதியில் கூட்டம் நடந்த மறுநாள் செழித்தது. பெரிய கூட்டமென்றால் இன்னும் செழித்தது. கூட்டமென்றால் தேநீர், தேநீரென்றால் மலசலகூடம், மலசலகூடமென்றால் அந்தக் குழாய். ஹலீம் இதைத் தயங்கித் தயங்கி வினாயகமூர்த்தியிடம் சொன்னான். இந்த நஞ்சு வேறு எங்கிருந்தும் வரவில்லை, நம்மிடமிருந்துதான் வருகிறது, குழாயை அடைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பதுதான் அவன் சொல்ல வந்தது. வினாயகமூர்த்தி முதல் பாதியோடு நின்றுவிட்டார்.

"அப்ப கூட்டத்தைக் கூட்டணும்" என்றார்.

கூட்டினார்கள். காலையில் முன்னேற்ற மீளாய்வுக் கூட்டம், மத்தியானம் மீளாய்வை மீளாய்வு செய்யும் கூட்டம். மேல் மாடி அலுவலகங்களுக்கும் அழைப்புப் போனது. நிகழ்ச்சி நிரல் இல்லாவிட்டாலும் தேநீர் இருந்தது, சில நாள் இளநீரும் இருந்தது. அதிகம் தண்ணீர் குடிப்பதன் நன்மைகள் பற்றி ஒரு முழுநாள் செயலமர்வு நடந்தது. அடுத்த நாள் அள்ளிய போத்தலைத் திறந்தபோது தனுஷியாவுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. உணர்ச்சியால் என்று அவள் சொன்னாள்.

பயனாளிகள் தின்று கொழுத்தார்கள். காலையில் ஊற்றிய அம்மோனியா பின்னேரத்துக்குள் காணாமல் போனது. நடுவில் வந்த இரண்டாவது நஞ்சும், சோதனையில் ஊதா நிறம் காட்டிப் பயமுறுத்திவிட்டுப் பிறகு வடிந்தது. பேர்னிஸ் அன்ரி ஒருநாள் வந்து சோதனைக் குழாய்களைப் பார்த்தார். தண்ணி பழகிட்டு, இனி மீன் விடலாம் என்றார். எதை ஊட்டினீர்கள் என்று கேட்டார். உள்ளூர் வளம் என்றார் வினாயகமூர்த்தி. மிஞ்சிய நஞ்சு போக, தொட்டித் தண்ணீரில் கால்வாசியை வாளியால் அள்ளிக் கழுவுதொட்டியில் ஊற்றினார்கள். அது குழாய்வழியே எங்கே போக வேண்டுமோ அங்கே போனது. தங்க மீன்கள் வந்து சேர்ந்தன. வாலை விரித்து, கண்ணாடியோரம் வந்து எல்லாரையும் விசாரித்தன. மட்டக்களப்பு வாவியோரத்தில் அத்தனை தெளிந்த தண்ணீரை அண்மைக் காலத்தில் யாரும் கண்டதில்லை.

அம்மையார் வருகிற நாளும் வந்தது. நீலப் பெட்டியில் ஒரேயொரு சோதனைக்குத்தான் மருந்து மிஞ்சியிருந்தது. இது ஹலீமுக்குத் தெரியும். பாறூக்குக்கும் தெரிந்திருந்தது, ஏனென்றால் ஹலீம் பரீனாவிடம் சொல்லியிருந்தான். அன்று காலை பாறூக் போத்தலோடு கேற்றடியில் நின்றான். போத்தலின் கழுத்தில் ஒரு செத்த செல்வன் மீனை நூலால் கட்டியிருந்தான்.

"இண்டைக்கு இதச் சோதிச்சிக் காட்டு மச்சான். பெரிய மேடம் கண்ணால பாக்கட்டும். இனி நான் வந்து கேக்க மாட்டன்" என்றான்.

ஹலீம் ஓம் என்றான். இம்முறை நினைத்துத்தான் சொன்னான். போத்தலைத் தன் மேசைக்குக் கீழே வைத்தான். மனசு தெளிவாகத்தான் இருந்தது. கதிரவெளியிலும் மனுசர்தானே இருக்கிறார்கள், கடற்காற்றும் நல்லது என்றுகூட யோசித்து வைத்திருந்தான்.

அம்மையார் வந்தார். மாலை, மேளம், வரவேற்புரை. வரவேற்புரைக்கு வரவேற்புரை. நிகழ்ச்சி நிரலில் கடைசியில் 'பாரம்பரிய கலை நிகழ்வு' என்றிருந்தது, ஆனால் அதற்கு யாரை ஒழுங்கு செய்வது என்று தீர்மானிக்கவிருந்த கூட்டம் நேரமின்மையால் ஒத்திவைக்கப்பட்டிருந்தது. அம்மையார் தொட்டியைக் கண்டு அசந்துபோனார். பிறகு, வாவித் தண்ணீரின் நிலையைப் பார்க்க வேண்டுமே என்றார்.

"ஹலீம், வாவி நீரைச் சோதிச்சு மேடத்துக்குக் காட்டுங்க" என்றார் வினாயகமூர்த்தி.

ஹலீம் குனிந்தான். மேசைக்குக் கீழே போத்தல். செத்த மீனின் கண் அவனையே பார்த்தது. அவன் கை அதைத் தொட்டது. நிமிர்ந்தபோது வினாயகமூர்த்தி மிக அன்பாகச் சிரித்துக்கொண்டிருந்தார். கதிரவெளிக்குப் போகிற பாதை முழுவதும் அந்தச் சிரிப்பில் தெரிந்தது. ஹலீமின் கை போத்தலை விட்டது. சோதனைக் குழாயை எடுத்துக்கொண்டு தொட்டிப் பக்கம் நடந்தான். நடந்தது தன் கால்தானா என்பதில் அவனுக்கு இன்றைக்கும் சந்தேகம்.

கடைசிச் சொட்டும் விழுந்தது. மஞ்சள். காலை வெயில்போல மஞ்சள்.

மண்டபம் கைதட்டியது. இது வாவித் தண்ணீர்தானா என்று அம்மையார் ஒரு மரியாதைக்குக் கேட்டார். வினாயகமூர்த்தி பொய் சொல்கிற மனுசனில்லை. வாவி இல்லாவிட்டால் இந்தத் தண்ணீரே இல்லை, தினமும் வாவியிலிருந்து கொண்டுவந்து ஊட்டி வளர்த்தது என்று நெஞ்சில் கைவைத்துச் சொன்னார். அங்கேயே சான்றிதழ் தயாரானது. 'மட்டக்களப்பு வாவி, அலுவலகப் பின்புற வளைவு சார்ந்த நீர் மாதிரி. அம்மோனியா பூச்சியம். மீன்கள் ஆரோக்கியம்.' ஹலீம் கையொப்பமிட்டான். பேனை நன்றாகவே எழுதியது.

தனுஷியா சுறுசுறுப்பான பிள்ளை. சான்றிதழைப் படம் பிடித்து உடனே மீனவர் சங்க வட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினாள். 'வளைவு தொடர்பான முறைப்பாடு ஆதாரமற்றதாகையால் முடிவுறுத்தப்படுகிறது' என்று கீழே குறிப்பும் போட்டாள். ஒரு பூப்படமும் போட்டாள்.

தேநீர் இரண்டாவது சுற்று வருமுன் பாறூக் வந்துவிட்டான். ஈரச் சாரம், தோளில் வீச்சுவலை, கால் முழுக்கச் சேறு. வாசலில் நின்ற காவலாளி நிகழ்ச்சி நிரலைப் பார்த்தான், வலையைப் பார்த்தான், கும்பிட்டு உள்ளே விட்டான். பாறூக் யாரையும் பார்க்கவில்லை. நேரே தொட்டிக்கு முன்னால் வந்து நின்று வலையின் நுனிக் கயிற்றை இடது மணிக்கட்டில் சுற்றினான். வலையை மடித்து முழங்கையில் ஏற்றினான். வாவிக்குள் இறங்குகிறவன் எப்படிச் செய்வானோ, அப்படியே ஒவ்வொன்றையும் நிதானமாகச் செய்தான்.

அம்மையாருக்கு முகமெல்லாம் பூரிப்பு. இந்தப் பிரதேசத்தின் கலைகள் எவ்வளவு உயிர்ப்போடிருக்கின்றன என்று வியந்து கைதட்டினார். அவர் தட்டியதால் வினாயகமூர்த்தி தட்டினார். வினாயகமூர்த்தி தட்டியதால் மண்டபமே தட்டியது. கமெராக்கள் மின்னின. தங்க மீன்கள் கண்ணாடியோரம் வந்து பாறூக்கையும் விசாரித்தன.

ஹலீம் மட்டும் தொட்டியோடு ஒட்டி நின்றான். மச்சான், கொஞ்சம் பொறு என்று மெல்லச் சொன்னான்.

பாறூக் கைதட்டல் ஓயும்வரை பொறுத்தான்.

"வாவி சுத்தம், மீனெல்லாம் சுகம் எண்டு நீ கையெழுத்து வச்ச வாவி இதுதானே மச்சான்" என்றான். "எனக்கு வேற வாவி இல்ல. இதிலதான் இனித் தொழில்."

வலையை விரித்துத் தோளுக்கு மேலே தூக்கினான்.

"அங்கால நில்லு. இல்லாட்டி முதல்ல நீதான் படுவாய்."